காது கேளாத பிள்ளைகளின் ஆசிரியருக்கு நினைவு மலர் தொகுப்பது எப்படி

நம் ஊர்களில் ஓர் ஆசிரியர் மறைந்தால் அவர் பெயரில் நினைவு மலர் வெளியிடுவது வழக்கம். யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாளன்று உறவினர் கையில் கொடுப்பதற்கென்றே அச்சிடப்படும் நினைவு மலர் ஒரு தனி எழுத்து வகையாகவே வேரூன்றிவிட்டது. முகப்பில் படம், அடுத்து வாழ்க்கைக் குறிப்பு, பிறகு பெரியவர்களின் இரங்கலுரைகள், உடன் பணியாற்றியவர்களின் கட்டுரைகள், கடைசியில் குடும்பத்தாரின் நன்றியுரை என்று அதற்கு ஒரு வார்ப்பு உண்டு. காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பித்த ஒருவரின் வாழ்க்கையை அந்த வார்ப்பிலேயே தொகுக்கப் புகுந்தால், அவரை மிக நெருக்கமாக அறிந்த மாணவர்கள் மலருக்கு வெளியே நின்றுவிடுவார்கள். அவர்களில் பலருக்குச் சைகையே முதல் மொழி. எழுத்துத் தமிழ் பிறகு உழைத்துக் கற்றுக்கொண்ட மொழி. “டீச்சரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள்” என்று கேட்டால் இரண்டு வரிதான் வரும். அதே மனிதர் எதிரில் அமர்ந்து கைகளால் சொல்லத் தொடங்கினால் ஒரு மாலைப் பொழுது போதாது.

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேளாது. ஏழு வயதில் அவனை விடுதியோடு கூடிய பள்ளியில் சேர்த்தோம். அவனுக்கு எழுத்தறிவித்த ஆசிரியை மறைந்தபோது, அவருக்கு ஒரு மலர் தொகுக்கும் பொறுப்பைப் பழைய மாணவர்கள் என்னிடம் ஒப்படைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் நீண்ட அந்த வேலையில் நான் செய்த தவறுகளையும் கற்றுக்கொண்ட முறைகளையும் இங்கே எழுதுகிறேன். இதே பொறுப்பை ஏற்கும் இன்னொருவர் என்னைவிடச் சீக்கிரமாகச் சரியான இடத்தில் தொடங்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

சைகைப் பெயரிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியரின் பிறந்த தேதியையோ பட்டங்களையோ தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிள்ளைகள் அவரை எந்தச் சைகையால் அழைத்தார்கள் என்பதுதான். காது கேளாதோர் பள்ளிகளில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு சைகைப் பெயர் இருக்கும். அதைச் சூட்டியவர்கள் மாணவர்கள்; ஆசிரியரின் அனுமதியைக் கேட்டுச் சூட்டியதும் கிடையாது. முகத்தில் உள்ள மச்சம், நடக்கும் விதம், அடிக்கடி செய்யும் ஒரு செயல் என்று அவர்கள் கண்ணில் முதலில் பட்ட ஒன்றே பெயராகிவிடும். இந்த வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. பிரான்சிலிருந்து அமெரிக்கா சென்று அங்கே காது கேளாதோர் கல்வியைத் தொடங்கிவைத்தவர்களுள் ஒருவரான லாரன் கிளேர், தாமே காது கேளாதவர். குழந்தைப் பருவத்தில் தீயில் விழுந்ததால் அவருடைய கன்னத்தில் தழும்பு இருந்தது. இரண்டு விரல்களால் கன்னத்தைத் தடவிக் காட்டுவதே அவருடைய சைகைப் பெயர். அவருடன் சேர்ந்து 1817ஆம் ஆண்டு ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளியை நிறுவிய தாமஸ் காலடெட்டுக்கு மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் சைகை பெயராக அமைந்தது. வாஷிங்டனில் அவர் பெயரால் விளங்கும் பல்கலைக்கழகத்தையும் இன்றுவரை அதே சைகையால்தான் குறிக்கிறார்கள்.

எங்கள் ஆசிரியைக்கு இரண்டு பெயர்கள் இருந்தது விசாரிக்கத் தொடங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது. முதல் பத்து ஆண்டுகளில் படித்தவர்கள், கொண்டையில் பென்சிலைச் செருகுவது போலக் காட்டினார்கள். பின்னால் வந்தவர்கள், மூக்குக்கண்ணாடியைச் சற்றே கீழே இறக்கி அதன் மேல்வழியாகப் பார்ப்பது போலக் காட்டினார்கள். அவர் எந்த வயதில் கண்ணாடி அணியத் தொடங்கினார் என்பதும், தேதி எழுதப்படாத ஒரு குழுப் படம் ஏறத்தாழ எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதும் இந்த இரண்டு பெயர்களை வைத்தே எங்களுக்குத் தெளிவாயின. ஆகையால் ஒருவரிடம் கேட்டதோடு நின்றுவிடாமல், ஐந்தாறு ஆண்டு இடைவெளியில் படித்த வெவ்வேறு வகுப்பினரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். எந்தக் கை, விரல்கள் எப்படி மடங்கியிருக்கின்றன, கை உடலின் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, முகபாவம் என்ன என்ற நான்கையும் எழுதி, தொடக்கநிலை, இடைநிலை, முடிவுநிலை என மூன்று படங்களாக எடுத்து மலரின் முதல் பக்கத்தில், அவருடைய பெயருக்கு நேர் கீழே அச்சிடுங்கள்.

பள்ளிக்குள் வழங்கிய மற்றச் சைகைகளையும் இதே கவனத்தோடு சேர்க்க வேண்டும். புதுதில்லியில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம், 2018இல் மூவாயிரம் சொற்களோடு ஓர் அகராதியை வெளியிட்டு, 2021இல் அதைப் பத்தாயிரம் சொற்களாக விரித்தது. அது பெரும் பணி. ஆயினும் ஒரு பள்ளியின் விடுதி வார்டனுக்கும், சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும், ஊருக்குப் போகும் நாளுக்கும் அந்தப் பிள்ளைகள் உண்டாக்கிய சைகைகள் எந்த அகராதியிலும் ஏறியிருக்க வாய்ப்பில்லை. அவற்றை அறிந்த தலைமுறை இருக்கும்போதே பதிவு செய்தால்தான் உண்டு.

மாணவர்களைக் கண்டுபிடிப்பது

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். காது கேளாதோரிடையே பள்ளி நட்பு ஆயுள் முழுவதும் நீடிக்கும் உறவு. பலர் பள்ளித் தோழர்களுக்குள்ளேயே மணம் முடித்திருப்பார்கள். மாவட்டக் காது கேளாதோர் சங்கத்தின் கூட்டம் நடக்கும் நாளில் ஒருவரைச் சந்தித்தால் அவர் வழியாக இருபது பேரை அடையலாம். செய்தியை எழுத்தில் அனுப்புவதைவிட, சைகை அறிந்த ஒருவர் ஒரு நிமிடம் சைகையில் விளக்கும் காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது பலமடங்கு பயன் தரும். நான் எழுதி அனுப்பிய அழைப்புக்கு ஒரு மாதத்தில் நான்கு பேர் பதிலளித்தார்கள். என் தம்பி சைகையில் பேசி அனுப்பிய காணொளி மூன்று நாளில் வெளிநாட்டில் வேலை செய்யும் மாணவர்கள் வரை சென்று சேர்ந்தது.

நேர்காணல்

இதுவே மலரின் உயிர்நாடி என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சைகை உரைபெயர்ப்பாளர் ஒருவர் தேவை. அவர் மறைந்தவரின் குடும்பத்தினராகவோ பள்ளியில் இப்போது வேலை செய்பவராகவோ இல்லாதிருப்பது நல்லது. அவர்கள் முன்னால் மாணவர்கள் குறை எதையும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். உரைபெயர்ப்பாளர் உங்கள் அருகில் அமர வேண்டும். அப்போதுதான் மாணவரின் பார்வை உங்கள் பக்கமே இருக்கும். நீங்களும் அவருடைய முகத்தைப் பார்த்தே கேளுங்கள். “அவரிடம் இதைக் கேளுங்கள்” என்று உரைபெயர்ப்பாளரை நோக்கிச் சொல்வது, எதிரில் இருப்பவரை அந்த அறையிலிருந்தே வெளியேற்றுவதற்குச் சமம்.

ஒளிப்பதிவு கட்டாயம். குரலை மட்டும் பதிவு செய்தால் உங்களிடம் மிஞ்சுவது உரைபெயர்ப்பாளரின் குரல்தான். சன்னலுக்கு முதுகு காட்டி அமரச் செய்தால் முகம் இருண்டுவிடும்; ஆகவே வெளிச்சம் அவர் முகத்தில் விழும்படி இருக்கையை மாற்றுங்கள். தலைக்கு மேல் ஒரு சாண் இடமும் கீழே இடுப்பு வரையும், பக்கவாட்டில் கைகள் விரியும் அளவும் படத்துக்குள் அடங்க வேண்டும். பின்னால் கோலமிட்ட திரையோ காலண்டரோ இல்லாத வெறும் சுவர் போதும். இரண்டாவது கைப்பேசி இருந்தால் அதை உங்களையும் உரைபெயர்ப்பாளரையும் நோக்கி வையுங்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தது என்பது பின்னர் குழம்பாது.

நான் செய்த பெரிய தவறு இங்கேதான் நிகழ்ந்தது. முதல் நேர்காணலில் ஒரு பழைய மாணவர் ஏறத்தாழ ஐந்து நிமிடம் எழுந்து நின்று சைகை செய்தார். உரைபெயர்ப்பாளர், “டீச்சர் மிகவும் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார் என்கிறார்” என்றார். நான் அதையே குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வீட்டில் அந்தக் காணொளியைப் பார்த்த என் தம்பி சிரிக்கத் தொடங்கி, பிறகு கண்ணீர் விட்டான். அந்த மாணவர் அந்த ஐந்து நிமிடமும் ஆசிரியையாகவே மாறியிருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் அமர்வது, பையனின் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொள்வது, அவன் தவறாகச் சொல்லும்போது முகத்தைச் சுளிக்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சுண்ணக்கட்டியைத் தேடுவது போலப் பாவனை செய்வது, மறுபடி திரும்பும்போது முதன்முறை கேட்பது போன்ற ஆவலோடு அமர்வது என ஒரு பாடவேளை முழுவதையும் அவர் நடித்துக் காட்டியிருக்கிறார். சைகை மொழியில் ஒருவரைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் அவராகவே மாறிச் சொல்வதுதான். அந்த நடிப்பில்தான் ஆசிரியரின் உருவம் இருக்கிறது. “பொறுமையானவர்” என்ற சொல்லில் அது இல்லை. ஆகவே நேர்காணல் முடிந்த பிறகு, உரைபெயர்ப்பாளரோடும் காது கேளாத ஒருவரோடும் அமர்ந்து காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் எழுத்தாக்குங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கினாலும் தகும்.

கேள்விகளை ஆண்டு வரிசையில் அடுக்க வேண்டாம். ஒரு தாளைக் கொடுத்து வகுப்பறையை வரையச் சொல்லுங்கள். கண்ணாடி எங்கே மாட்டியிருந்தது, யார் எங்கே அமர்ந்தார்கள், வாசலில் யாராவது வந்தால் எப்படித் தெரிந்தது என்று அந்தப் படத்தின் மேல் விரல் வைத்தே பேச்சு வளரும். பிறகு பள்ளிக்கு வந்த முதல் நாளைப் பற்றிக் கேளுங்கள். காது கேளாத பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் ‘சாப்பிடு’, ‘வா’, ‘தூங்கு’ என்பதற்கு மேல் எந்தப் பேச்சும் இல்லாமலேயே பல பிள்ளைகள் ஏழெட்டு வயது வரை வளர்ந்திருக்கிறார்கள். அப்பா ஏன் தன்னை இங்கே விட்டுவிட்டுப் பேருந்து ஏறினார், திரும்பி வருவாரா என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல அவரிடமும் மொழி இருக்காது. எங்கள் ஆசிரியை ஒரு பேருந்தை வரைந்து, காலண்டரில் விடுமுறை நாளின் மேல் அதை ஒட்டி, ஒவ்வொரு காலையும் ஒரு கட்டத்தைப் பிள்ளையின் கையாலேயே அடிக்கச் சொல்வாராம். நான் பேசிய பதினேழு பேரும், ஒருவர்கூட விடாமல், அந்தக் காலண்டரைச் சொன்னார்கள். தனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதையே அந்த வகுப்பில்தான் அறிந்ததாகச் சொன்னவர்கள் மூவர்.

பாடம் நடத்திய விதத்தை எழுதுங்கள்

பெரும்பாலான மலர்களில் ‘அர்ப்பணிப்பு’, ‘தியாகம்’ என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது ஓரிடத்திலும் வராது. காது கேளாத பிள்ளைக்குத் தமிழ் கற்பிப்பது நுணுக்கமான தொழில், அந்தத் தொழிலைத் தெரிந்துகொண்டு எழுதினால்தான் அந்த ஆசிரியரின் மதிப்பு வாசகருக்குத் தெரியும். ‘பணம்’, ‘மணம்’ என்ற இரண்டு சொற்களையும் கண்ணாடி முன் நின்று ஓசையில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். உதட்டைப் பார்த்துப் பேச்சை அறிய வேண்டிய பிள்ளைக்கு அவை இரண்டும் ஒரே சொல். அந்த வேற்றுமையைக் காட்ட ஆசிரியர்கள் மெல்லிய தாள் துண்டை வாயின் முன் பிடிப்பார்கள்: பகரத்துக்குத் தாள் அசையும், மகரத்துக்கு அசையாது. மகரத்துக்குப் பிள்ளையின் விரலை மூக்கின் ஓரத்தில் வைத்து அதிர்வைக் காட்டுவார்கள். ககரமோ வாயின் பின்புறத்தில் பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை.

இதன் விளைவு உச்சரிப்போடு நிற்பதில்லை. தமிழில் ஒரு வாக்கியத்தின் பொருளைத் தாங்குபவை சொல்லின் கடைசியில் ஒட்டும் உருபுகள். ‘அம்மாவுக்கு’ என்பதில் உள்ள ‘கு’ உதட்டில் சரியாகத் தெரியாது. ‘அம்மாவை’ என்பதன் ஐகாரம் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். அதனால்தான் பல பிள்ளைகள் ‘நான் அம்மா பூ கொடு’ என்று எழுதுகிறார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அவர்களுக்குச் சைகையில் தெளிவாகத் தெரியும். இல்லாதது அறிவல்ல, உருபு மட்டுமே. இந்த இடைவெளியை அவர் எப்படி நிரப்பினார் என்று தேடுங்கள். உருபுகளை வேறு நிறச் சுண்ணக்கட்டியால் எழுதினாரா, அட்டைகளாக வெட்டிச் சொற்களோடு ஒட்டினாரா, நாள்தோறும் காலையில் பிள்ளைகள் சைகையில் சொன்ன செய்திகளைப் பலகையில் வாக்கியங்களாக எழுதி அதையே பாடமாக்கினாரா? பழைய மாணவர்களின் வீட்டுப் பரணில் இருக்கும் நோட்டுப் புத்தகங்கள் இதற்குச் சான்று தரும். சிவப்பு மையில் அவர் திருத்திய இரண்டு பக்கங்களை அப்படியே படமெடுத்து மலரில் சேர்த்தால், பத்துப் பாராட்டுரைகளைவிட அது மேலானது. வார இதழ்களிலிருந்து வெட்டி ஒட்டிய படப் புத்தகங்கள், மார்பில் அணியும் பெரிய காது மிஷினை வைப்பதற்காகச் சீருடைச் சட்டையில் தைத்த சிறு பை, தேய்ந்துபோன பெயர் அட்டைகள் முதலியவற்றையும் தேடிப் படமெடுங்கள். இவற்றை வைத்திருப்பவர்கள் அவை வெறும் பழைய குப்பை என்று நினைத்துத் தயங்குவார்கள். நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கசப்பானவற்றை என்ன செய்வது

நேர்காணல்களில் ஒரு கட்டத்தில் இது கட்டாயம் வரும். கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னது, சைகை செய்த விரல்களில் ஸ்கேலால் அடித்தது, ‘பேசினால்தான் தண்ணீர்’ என்றது போன்ற நினைவுகளை மாணவர்கள் சொல்வார்கள். இவற்றை மறைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வகுப்பறையில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சின் வழியே கற்பிப்பதுதான் மேலானது என்று தீர்மானித்தது. அங்கே வாக்களித்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானத்தின் நிழல் உலகெங்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. 2010இல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாடுதான் பழைய தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இந்த நிழலில் பயிற்சி பெற்ற ஒருவர், சைகையைத் தடுப்பதே பிள்ளைக்குச் செய்யும் நன்மை என்று உண்மையாகவே நம்பியிருக்கக்கூடும்.

எங்கள் ஆசிரியையும் முதல் சில ஆண்டுகளில் அப்படித்தான் இருந்திருக்கிறார். மாலையில் விடுதித் திண்ணையில் பிள்ளைகள் சைகையில் கதை பேசுவதைப் பார்த்துப் பார்த்து, மெல்ல அவரும் கற்றுக்கொண்டு, வகுப்புக்குள்ளும் அதை அனுமதித்தார் என்று பிற்கால மாணவர்கள் சொன்னார்கள். முற்கால மாணவர் ஒருவர் தன் விரல்களைக் காட்டி, வலித்தது என்றார்; அடுத்த நிமிடமே, எனக்குப் பேச வருகிறது, கடையில் நானே கேட்டு வாங்குகிறேன், அதுவும் அவரால்தான் என்றார். இரண்டையும் அதே வரிசையில், எந்தத் தீர்ப்பும் சேர்க்காமல் அச்சிட்டோம். குடும்பத்தாரிடம் அச்சுக்கு முன் காட்டினோம். சற்று நேரம் பேசாமல் இருந்த அவருடைய மகள், அப்படியே இருக்கட்டும் என்றார். குடும்பம் சம்மதிக்காவிட்டால், மென்மையாக்கி எழுதுவதைவிட, சொன்னவரின் அனுமதியோடு அந்தப் பதிவை முழுமையாகப் பாதுகாத்து வைப்பதே நேர்மை.

பள்ளியின் வரலாற்றோடு இணைப்பது

பணியில் சேர்ந்த நாள், மாறுதல், ஓய்வு ஆகியவற்றைக் குடும்பத்தார் நினைவிலிருந்து எழுதாமல் பணிப் பதிவேட்டையும் பள்ளி ஆண்டு மலர்களையும் பார்த்து எழுதுங்கள். அதோடு, அவருக்கு இந்தத் தொழிலைக் கற்பித்தவர் யார், அவருக்குக் கற்பித்தவர் யார் என்று பின்னோக்கிப் போனால் ஒரு நீண்ட சங்கிலி கிடைக்கும். இந்தியாவில் காது கேளாதோருக்கான முறையான பள்ளிகள் பம்பாயில் 1885இலும் கல்கத்தாவில் 1893இலும் தொடங்கின. அதே பத்தாண்டுகளுக்குள் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. இலங்கையில் 1912இல் மேரி சாப்மன் என்ற மற்றொரு மிஷனரிப் பெண்மணி காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளி தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பள்ளி பிறகு எழுந்தது. உங்கள் ஆசிரியரின் பாதை இவற்றுள் ஏதாவது ஒன்றைத் தொட்டிருக்கக்கூடும். தொடவில்லை என்றால் வலிந்து இணைக்க வேண்டாம்.

பழைய ஆவணங்களில் ‘செவிடு’, ‘ஊமை’ என்ற சொற்கள் பள்ளியின் பெயரிலேயே இருக்கும். ஆவணத்தின் பெயராக வரும்போது அப்படியே விடுங்கள். உங்கள் வாக்கியத்தில் ‘காது கேளாதவர்’ என்றே எழுதுங்கள். ‘ஊமைகளுக்கு மொழி தந்த தெய்வம்’ என்பது போன்ற தொடரை எந்தக் கட்டுரையாளர் எழுதி அனுப்பினாலும், அவரிடம் பேசி மாற்றிவிடுங்கள். பாரீசில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி நடத்திய பாதிரியார் தெ லெப்பேயைச் சைகை மொழியைப் படைத்தவர் என்று பலர் போற்றினார்கள். ஆனால் பியேர் தெலோழ் என்ற காது கேளாத புத்தகம் கட்டும் தொழிலாளி, 1779இல் தாமே ஒரு நூல் எழுதி, பாரீசில் வாழும் காது கேளாதோர், பள்ளியின் துணையின்றியே தமக்குள் சைகையில் எல்லாவற்றையும் பேசிக்கொள்கிறார்கள் என்று பதிவு செய்தார். தெ லெப்பேயின் பெருமை இதனால் குறையவில்லை. பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருந்த மொழியை மதித்து அதைக் கல்விக்கு வழியாக்கியதே அவர் செய்த பெரிய செயல். வாஷிங்டனில் 1889இல் நிறுவப்பட்ட காலடெட்டின் சிலையில் அவர் தனியே நிற்கவில்லை. ஆலிஸ் என்ற சிறுமியை அருகில் வைத்துக்கொண்டு, இருவரும் ஒரே எழுத்தைக் கையில் காட்டுகிறார்கள். அந்தச் சிலைக்குப் பணம் திரட்டியவர்கள் அமெரிக்கக் காது கேளாதோரே. மலருக்கான அட்டைப்படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டேன்; தனிப் படத்தை விட்டுவிட்டு, அவர் ஒரு சிறுவனின் விரல்களைத் திருத்திப் பிடிக்கும் மங்கலான படத்தையே அட்டையில் போட்டோம்.

மலரை முதலில் படிக்க வேண்டியவர்கள் மாணவர்கள். ஆகையால் வாழ்க்கைக் குறிப்பைச் சிறிய, நேரான வாக்கியங்களில் தனியாக ஒருமுறை எழுதிச் சேருங்கள். நேர்காணல்களின் சைகைக் காணொளிகளை இணையத்தில் ஏற்றி, ஒவ்வொரு கட்டுரையின் கீழும் கியூஆர் குறியீடு அச்சிட்டால், கைப்பேசியில் அவர்கள் மூல வடிவத்தையே பார்க்கலாம். காணொளியை வெளியிடுவதற்கான சம்மதத்தைச் சைகையிலும் பதிவு செய்துகொள்ளுங்கள். தாளில் கையெழுத்து மட்டும் வாங்கினால் எதற்குக் கையெழுத்திட்டோம் என்பது சிலருக்கு விளங்காமல் போகலாம்.

வெளியீட்டுக் கூட்டம்

படத்திறப்பும் மலர் வெளியீடும் ஒரே நாளில் நடப்பதுண்டு. வழக்கமான நினைவேந்தல் கூட்டத்தின் சில பழக்கங்களை இங்கே மாற்றியாக வேண்டும். ஒரு நிமிட மௌன அஞ்சலி என்பது அரங்கில் பாதிப் பேருக்கு எந்த வேறுபாடும் இல்லாத நிமிடம்; அனைவரும் எழுந்து நின்று அவருடைய சைகைப் பெயரை ஒருசேரக் காட்டுவதை அதற்குப் பதிலாக வைத்தோம். காணொளி திரையிடும்போது விளக்குகளை முழுவதும் அணைத்துவிடாதீர்கள்; இருட்டில் அவர்களால் ஒருவருக்கொருவர் பேச முடியாது, உரைபெயர்ப்பாளரும் தெரியமாட்டார். ஒலிபெருக்கி நின்றால் சமாளிக்கலாம், மின்சாரம் நின்று விளக்கு அணைந்தால் கூட்டமே நின்றுவிடும் என்பதால் ஜெனரேட்டருக்குச் சொல்லி வையுங்கள். உரைபெயர்ப்பாளர்கள் இருவராவது வேண்டும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் மாறிக்கொள்ள வேண்டும். மேடையில் பூமாலைகளுக்கும் குத்துவிளக்குக்கும் பின்னால் அவர்கள் மறைந்துவிடாதபடி இடம் ஒதுக்குங்கள். முதலில் பேசுபவர் பழைய மாணவராக இருக்கட்டும். அவருடைய சைகையை உரைபெயர்ப்பாளர் குரலில் சொல்லட்டும். சிறப்பு விருந்தினர்கள் பிறகு பேசலாம்.

கூட்டம் முடிந்ததும் காணொளிகளைக் குறைந்தது மூன்று இடங்களில் சேமியுங்கள். கோப்பின் பெயரிலேயே சொன்னவர், இடம், நாள், உரைபெயர்த்தவர் ஆகிய விவரங்கள் இருக்க வேண்டும். மலரின் படிகளைப் பள்ளி நூலகத்துக்கும், மாவட்ட மைய நூலகத்துக்கும், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் அனுப்பலாம். ஈழத்து மலராக இருந்தால், நினைவு மலர்களை மின்வடிவில் தொகுத்துவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம்.

அச்சுக்குப் போகும் முன் எல்லாப் பக்கங்களையும் நேர்காணல் தந்த மாணவர்களிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாங்கள் அப்படிக் காட்டியபோது முதல் பக்கத்தின் சைகைப் படத்தைப் பார்த்த ஒரு பெண்மணி தலையை அசைத்து மறுத்தார். பென்சில் செருகும் பக்கம் தவறு என்றார். படத்தில் இருந்தவர் வலப்பக்கம் செருகுவது போலக் காட்டியிருந்தார். ஆசிரியைக்கு எழுதும் கை இடக்கை என்பதை அவர் நினைவூட்டினார். அது குடும்பத்தார் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் எங்கும் இல்லை. படத்தை மாற்றி எடுத்து, வாழ்க்கைக் குறிப்பிலும் அந்த ஒரு வரியைச் சேர்த்த பிறகே மலரை அச்சகத்துக்குக் கொடுத்தோம்.